மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டும் பொதுஜனங்களும்

கிராமத்தில் ஒரு குடியானவன் வீட்டு வாசலில் சம்மன் காகிதத்துடன் போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றால், அன்று அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று ஒருவரும் படித்துப் பார்ப்பதில்லை. சாட்சி சொல்ல அழைத்திருக்கிறார்களா, குற்றவாளியென்று அழைத்திருக்கிறார்களா என்பதுகூடத் தெரியாமலே வீட்டார் அழத் தொடங்குகிறார்கள். பிறகு ஊரில் ‘கோர்ட்டு விஷயம் தெரிந்தவர்’ என்று பெயரெடுத்த ஒரு தரகரிடம் ஓடுகிறார்கள். அவர் கேட்கும் தொகைக்காக மாட்டை விற்கிறார்கள். அல்லது பெண்டிரின் நகையை அடகு வைக்கிறார்கள். இரண்டு வாய்தா கழிந்த பின்புதான், தாம் வெறும் சாட்சியென்பதும், ஒரு நாள் போய்க் கண்டதைச் சொல்லிவிட்டு வந்திருந்தால் காரியம் முடிந்திருக்குமென்பதும் அவர்களுக்குத் தெரிய வருகிறது. இதைப் போன்றதொரு சம்பவத்தை நமது நேயர்களில் அநேகர் தத்தம் ஊரிலேயே கண்டிருப்பார்கள்.

ஏழை ஜனங்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் உச்ச நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ கண்ணால் காணப்போவதில்லை. அவர்களுக்கு நியாயஸ்தலம் என்பது தாலுகா ஊரிலுள்ள மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுதான். அரசியல் சட்டம் நமக்கு அளித்திருக்கும் சுதந்திரங்கள் உண்மையா, வெறும் எழுத்தா என்பது அந்தச் சிறிய கட்டிடத்தில்தான் தினந்தோறும் சோதிக்கப்படுகிறது. ஆகவே, இந்தக் கோர்ட்டுகளின் நடைமுறையைப் பற்றிப் பொதுஜனங்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை இங்கே கூற முன்வந்தோம். பொது ஊழியத்தில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கு இது முக்கியமாக உபயோகப்படும் என்பது நமது நம்பிக்கை. ஏனெனில், ஊரில் ஒருவன் பிடிபட்டால் ஜனங்கள் முதலில் தேடி வருவது அவர்களைத்தான்.

மாஜிஸ்ட்ரேட் என்பவர் யார்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆங்கில ஆட்சியில் ஜில்லாக் கலெக்டரே ஜில்லா மாஜிஸ்ட்ரேட்டாகவும் இருந்தார். வரி வசூலிப்பவரும் அவரே; போலீஸுக்கு மேலதிகாரியும் அவரே; குற்ற விசாரணைக்கு உரிய அதிகாரமும் அவர் கையிலேயே இருந்தது. 1908-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவம் ஆகியோர் மீது திருநெல்வேலியில் நன்னடத்தை ஜாமீன் பிரிவுகளின்படி நடவடிக்கை எடுத்தவர் அந்த ஜில்லாவின் கலெக்டரான விஞ்சு துரைதான். வழக்காடும் கட்சியும் அவரே, நியாயம் சொல்லுபவரும் அவரே என்றால் அங்கே நியாயம் எப்படிப் பிழைக்கும்? இதனால்தான் காங்கிரஸ் மகாசபை, தான் தோன்றிய மறு ஆண்டான 1886-இலேயே, நிர்வாகத்தையும் நீதியையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமென்று தீர்மானம் செய்தது. சுதந்திர பாரதத்தின் அரசியல் சட்டம் தன் 50-ஆம் ஷரத்தில் அதையே அரசாங்கத்தின் கடமையாக விதித்தது. 1974-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்த கிரிமினல் நடைமுறைச் சட்டம் அந்தப் பிரிவினையைத் தேசம் முழுவதற்கும் பொதுவாக்கிற்று.

இன்று மாஜிஸ்ட்ரேட்டுகள் இரு வகையினர். ஜுடீஷியல் மாஜிஸ்ட்ரேட் ஒருவர். கோர்ட்டுப் பலகைகளில் ‘நீதித்துறை நடுவர்’ என்று எழுதியிருப்பது இவரைத்தான். இவர் உயர் நீதிமன்றத்துக்கு உட்பட்டவர். கலெக்டருக்கோ போலீஸ் சூப்பிரண்டுக்கோ கட்டுப்பட்டவரல்லர். குற்ற வழக்குகளை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் இவருக்கே உண்டு. முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட் 3 வருஷம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தலைமை மாஜிஸ்ட்ரேட் 7 வருஷம் வரை விதிக்கலாம். அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய வழக்குகள் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும்.

மற்றொருவர் நிர்வாக மாஜிஸ்ட்ரேட். கலெக்டர், கோட்டாட்சியர், தாசில்தார் ஆகியோர் இந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள். ‘144 தடை உத்தரவு’ என்று நாம் சொல்லி வந்ததைப் பிறப்பிப்பவர்கள் இவர்களே. புதிய சட்டத்தில் அது 163-ஆம் பிரிவாக மாறியிருக்கிறது. அமைதி காப்பதாக எழுதி வாங்குவது, நிலத்தகராற்றில் கலகம் நேராமல் தடுப்பது, பொதுப்பாதையில் உள்ள இடையூற்றை நீக்கச் சொல்லுவது ஆகியவை இவர்கள் காரியங்கள். இந்த அதிகாரத்தைப் போலீஸ் துணைக் கமிஷனர்கள் கையில் கொடுத்த சர்க்கார் உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டில் செல்லாதவையென்று தள்ளியது. பிடிக்கிறவரே நியாயாதிபதியாகவும் அமரக்கூடாது என்ற பழைய போராட்டம் இன்னும் முடிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

பழைய சட்டங்கள் மூன்றும் மாறி, 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டங்கள் அமுலில் இருக்கின்றன. கிரிமினல் நடைமுறைக்கு உரியது பாரதீய நாகரிக சுரக்ஷா சம்ஹிதை என்பது. பெயர் தமிழன் நாவில் எளிதில் நுழையாதது உண்மையே. ஆயினும் நம்மைப் பிடிக்கவும் விடவும் போகிற சட்டம் அது. அதன் பெயர் வராவிட்டாலும் பொருள் தெரிந்தாக வேண்டும். கீழே நாம் ‘சம்ஹிதை’ என்று குறிப்பிடுவது இதனையே.

போலீஸார் பிராதை வாங்க மறுத்தால்?

பொதுஜனங்களிடமிருந்து மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. குற்றங்கள் இரு வகை. வாரண்டு இல்லாமலே போலீஸார் கைது செய்யக்கூடிய கொலை, களவு போன்ற குற்றங்கள் ஒரு வகை. இவற்றைப் பற்றித் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது போலீஸாரின் கடமையென்று 2013-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 3 வருஷம் முதல் 7 வருஷத்துக்குக் குறைந்த தண்டனை வரையுள்ள குற்றங்களில் மட்டும், மேலதிகாரியின் அனுமதியுடன் 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்திப் பார்க்கச் சம்ஹிதை இடங்கொடுக்கிறது. ‘குற்றம் நடந்தது எங்கள் எல்லையில் அன்று’ என்று திருப்பி அனுப்புவதற்கு இப்போது இடமில்லை. எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிந்தாக வேண்டும். மின்னஞ்சல் முதலிய வழியாகவும் தகவல் அனுப்பலாம். அப்படியானால் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையொப்பமிட வேண்டும்.

பதிவான அறிக்கையின் நகலைத் தகவல் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். நமது மாகாணத்தில் பல ஸ்டேஷன்களில் ‘சி.எஸ்.ஆர்.’ என்ற ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது மனு வந்ததற்கு அடையாளமேயன்றி முதல் தகவல் அறிக்கை ஆகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடப்போர் அநேகர்.

ஸ்டேஷனில் பதிய மறுத்தால், தகவலை எழுதித் தபாலில் ஜில்லா போலீஸ் சூப்பிரண்டுக்கு அனுப்ப வேண்டும். பதிவுத் தபால் ரசீதை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்கும் பயனில்லையானால், பிரமாணப் பத்திரம் இணைத்து ஜுடீஷியல் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுச் செய்யலாம். அவர் விசாரித்து, போலீஸாரின் பதிலையும் கவனித்து, புலன்விசாரணைக்கு உத்தரவிடலாம். சூப்பிரண்டிடம் போகாமல் நேரே கோர்ட்டுக்குப் போகிறவர்களின் மனு இந்தக் குறையினாலேயே தள்ளப்படலாம். படி தவறாமல் ஏறுவது நல்லது.

இரண்டாவது வகைக் குற்றங்களில் மாஜிஸ்ட்ரேட்டின் உத்தரவில்லாமல் போலீஸார் புலன்விசாரணை செய்ய முடியாது. வாரண்டின்றிக் கைது செய்யவும் முடியாது. ஆகவே ‘இது எங்கள் வேலையன்று, கோர்ட்டுக்குப் போ’ என்று சொல்லும்போது சில சமயம் அவர்கள் சொல்லுவது சரியாகவே இருக்கும். ஆனால் வாய்ச் சொல்லோடு அனுப்பிவிடக் கூடாது. தகவலைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே மாஜிஸ்ட்ரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பாதிக்கப்பட்டவர் தாமே நேரில் மாஜிஸ்ட்ரேட்டிடம் பிராது கொடுக்கும் வழியும் உண்டு. அப்போது அவரையும் அவருடைய சாட்சிகளையும் பிரமாணத்தின் மேல் விசாரிப்பார்கள். எதிரிக்கும் தன் கட்சியைச் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்த பின்பே வழக்கை ஏற்கவேண்டும் என்பது சம்ஹிதையில் புதிதாகச் சேர்ந்த விதி.

சம்மனும் ஸ்டேஷன் அழைப்பும்

சம்மன் என்பது கோர்ட்டுக்கு வரச்சொல்லும் அழைப்பு. வாரண்டு என்பது பிடித்து வரச்சொல்லும் உத்தரவு. சம்மன் வந்தவனுக்குக் கைது இல்லை; சம்மனை அலட்சியம் செய்தவனுக்கே வாரண்டு வருகிறது. ஆகவே சம்மன் வந்தவுடன் செய்யவேண்டியது, கோர்ட்டின் பெயர், வழக்கு நம்பர், தேதி, தாம் சாட்சியா எதிரியா என்ற நான்கையும் படித்துப் பார்ப்பதுதான். வீட்டுக்காரர் இல்லாதபோது குடும்பத்திலுள்ள வயது வந்த எவரிடமும் சம்மனைச் சார்வு செய்யலாம். முன்பிருந்த சட்டம் வயது வந்த ஆண் மக்களை மாத்திரமே சொல்லிற்று. இப்போது பெண்களிடமும் கொடுக்கலாம். வாங்க மறுத்துக் கதவடைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குறித்த நாளில் நோயினாலோ வேறு காரணத்தாலோ போக முடியாவிட்டால் வக்கீல் மூலம் அன்றே மனுக் கொடுக்க வேண்டும். வாரண்டு பிறந்த பிறகு அழுவதைக் காட்டிலும் அது எளிது. வாரண்டிலும், ஜாமீன் கொடுத்தால் விடலாமென்று மாஜிஸ்ட்ரேட் எழுதியிருக்கக்கூடும். அதைக் கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வரச்சொன்னால் போகத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வழக்கின் விவரம் தெரிந்தவரை எழுத்து மூலம் உத்தரவிட்டு அழைக்கப் போலீஸாருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயதுக்கு மேற்பட்டவர்கள், அங்கக்குறைவுள்ளவர்கள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. புலன்விசாரணையில் போலீஸாரிடம் சொன்ன வாக்குமூலம் எழுதப்பட்டால் அதில் சொன்னவர் கையொப்பம் வாங்கக்கூடாது என்பதும் சட்டம். வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பின்னால் வருந்துவோர் இந்த ஒரு விதியை அறிந்திருந்தாலே போதும். போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்பதை அவனுக்கு விரோதமாகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. மாஜிஸ்ட்ரேட்டிடம் ஒப்புக்கொள்வதானாலும், அப்படிச் செய்ய அவன் கடமைப்பட்டவனல்லன் என்று அவர் முன்கூட்டி எச்சரிக்க வேண்டும். அவன் மனம் மாறி ஒப்புக்கொள்ள மறுத்தால், மீண்டும் போலீஸ் காவலுக்கு அவனை அனுப்பக்கூடாது.

கைதும் 24 மணி நேரமும்

7 வருஷம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யலாகாது என்றும், அவசியம் இருந்தால் அந்தக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றும், அதைப் பாராமல் ரிமாண்டு செய்யும் மாஜிஸ்ட்ரேட்டும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்றும் உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் விதித்தது. கைது அவசியமில்லாதபோது, ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸின்படி நடந்து வருபவனைக் காரணம் எழுதாமல் கைது செய்யக்கூடாது.

கைது செய்தால், எதற்காக என்பதை உடனே சொல்லியாக வேண்டும். இதை எழுத்திலும், கைதிக்குப் புரியும் பாஷையிலும் கொடுக்க வேண்டுமென்று 2025-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் அனுப்ப வேண்டும். வைத்திய அதிகாரி பரிசோதிக்க வேண்டும். அந்த அறிக்கையின் நகல் கைதிக்கு உண்டு. பெண்களைச் சூரிய அஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும், மாஜிஸ்ட்ரேட்டின் முன் அனுமதியுடன் அசாதாரண சந்தர்ப்பத்திலன்றிக் கைது செய்யலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் கைதியை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22-ஆம் ஷரத்து. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை விடுமுறை என்று சமாதானம் சொல்ல வழியில்லை. கோர்ட்டு மூடியிருந்தால் மாஜிஸ்ட்ரேட்டின் வீட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

இந்த நிறுத்துதல் ஒரு சடங்கா? 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்கும்படி நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்ததாகச் சொல்லிச் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையையும் மகனையும் போலீஸார் பிடித்தார்கள். அவர்கள் ரிமாண்டு செய்யப்பட்டார்கள். கோவிற்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாட்களுக்குள் இருவரும் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே அந்த விஷயத்தை எடுத்துக்கொண்டது. பின்பு நடந்ததெல்லாம் தேசம் அறிந்தது. காகிதங்கள் ஒழுங்காக இருந்தாலும் மனிதன் சாகக்கூடும் என்பதை அந்த இரு மரணங்களும் நமக்குக் காட்டின. 24 மணி நேர விதியின் உயிர், மாஜிஸ்ட்ரேட் கைதியைக் கண்ணால் பார்த்து, ‘உன்னை அடித்தார்களா? உறவினருக்குத் தெரியுமா? வக்கீல் உண்டா?’ என்று கேட்பதில் இருக்கிறது.

கைதிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. காயம் இருந்தால் அதைக் காட்டி, எங்கே எப்போது ஏற்பட்டது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; அதைப் பதிந்துகொள்ளும்படி கேட்க வேண்டும். போலீஸார் பக்கத்தில் நிற்பதால் நாக்கு எழாமல் போவது மனித இயல்பு. அதனால்தான் பொது ஊழியர் ஒருவரோ வக்கீலோ அந்த நேரத்தில் அங்கே இருக்கவேண்டுவது அவசியமாகிறது.

மாஜிஸ்ட்ரேட் ஒரே தடவையில் 15 நாட்களுக்கு மேற்படாமல் ரிமாண்டு செய்யலாம். போலீஸ் காவல் மொத்தத்தில் 15 நாட்களுக்கு மேற்படக் கூடாது. ஆனால் அந்த 15 நாட்களைத் துண்டு துண்டாக, குற்றத்துக்கு ஏற்றபடி முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாமென்று சம்ஹிதை மாற்றிவிட்டது. சிறையிலிருக்கும் ஒருவன் மீண்டும் போலீஸ் காவலுக்குப் போகநேரும் என்ற பயம் இதனால் பல வாரங்கள் நீடிக்கிறது. இந்த மாறுதல் பிரஜைகளுக்கு நன்மையானதென்று நாம் கருதவில்லை.

ஜாமீன்

ஜாமீன் தயவா, உரிமையா? ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால் அது உரிமை, ஸ்டேஷனிலேயே விடவேண்டும். ஜாமீனில் விடக்கூடாத குற்றம் என்று சட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து, இனி விடவே மாட்டார்கள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அது தவறு. அத்தகைய குற்றங்களில் விடுவதும் மறுப்பதும் கோர்ட்டின் யோசனையைப் பொறுத்தது என்பதே அதன் பொருள். மாஜிஸ்ட்ரேட் மறுத்தால் செஷன்ஸ் கோர்ட்டு உண்டு. அதற்கு மேல் உயர் நீதிமன்றம் உண்டு.

ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழை என்ன செய்வான்? ஜாமீனில் விடக்கூடிய குற்றத்தில், கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொண்டுவர முடியாதவனை வறியவன் என்று கருதி, அவன் சொந்தச் சீட்டின் பேரிலேயே விடவேண்டும். 1978-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாரை ஜாமீனில் விடும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கீழ்க் கோர்ட்டிலோ 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் ஜாமீன் நிற்க வந்தார். அவர் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதென்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில், ஏழையிடம் அவன் சக்திக்கு மீறிய ஜாமீன் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்ற கருத்தை வலியுறுத்தி, தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்துச் சொந்தச் சீட்டின் பேரில் விடச் சொன்னார். அந்தக் கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வழி கிடைத்தது. ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டும் சிறையிலேயே கிடக்கிற மற்றவர்களுக்கு யார் வழிகாட்டுவது?

இன்னொரு முக்கியமான விதி. மரணம், ஆயுள், அல்லது 10 வருஷமும் அதற்கு மேலுமுள்ள தண்டனைக்குரிய குற்றமானால் 90 நாட்களுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாட்களுக்குள்ளும் போலீஸார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவேண்டும். செய்யத் தவறினால் கைதிக்கு ஜாமீன் பெற உரிமை பிறக்கிறது. ஆனால் அந்த உரிமையைக் கேட்டால்தான் கிடைக்கும். 61-ஆம் நாள் கைதி மனுக் கொடுக்காமல் இருந்து, 62-ஆம் நாள் போலீஸார் குற்றப்பத்திரிகையைப் போட்டுவிட்டால், உரிமை போயிற்று! ஒரு நாளை எண்ணத் தெரியாததால் ஒருவன் மாதக்கணக்கில் சிறையில் இருக்க நேரிடுகிறது. நாட்களை எண்ணுவதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. சுவரிலுள்ள நாட்காட்டி போதும்.

விசாரணைக் கைதியாக, அந்தக் குற்றத்துக்கு உரிய அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் இருந்துவிட்டவனை ஜாமீனில் விடவேண்டும். முன்பு தண்டனை அடையாதவனானால் மூன்றில் ஒரு பங்கு காலம் போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைச் சூப்பிரண்டின் கடமையாகும்.

வக்கீல் வைக்கப் பணமில்லாவிட்டால்?

வக்கீல் இல்லாமல் கைதியை ரிமாண்டு செய்வதும் விசாரிப்பதும் நியாயமன்று. முதன்முதலில் நிறுத்தப்படும்போதே, இலவசச் சட்ட உதவி உண்டென்று மாஜிஸ்ட்ரேட் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஜில்லாவிலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் தாலுகாக்களில் சட்டப் பணிகள் குழுக்களும் கோர்ட்டு வளாகங்களிலேயே இருக்கின்றன. பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், அங்கக்குறைவுள்ளவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலிலுள்ளவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாயினும் இந்த உதவிக்கு உரியவர்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டும் தெரிந்துகொள்ளலாம். தரகரிடம் கொடுக்கும் பணத்தில் பாதியை பஸ்ஸுக்குச் செலவழித்தாலே இங்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

விசாரணையும் தீர்ப்பும்

எதிரி ஆஜரான 14 நாட்களுக்குள் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் ஆகியவற்றின் நகல்களை இலவசமாகக் கொடுக்க வேண்டும். அவற்றைப் படிக்காமல் எந்தக் கேள்விக்கும் ஒப்புதல் சொல்லக்கூடாது. ‘ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடு, இன்றே முடிந்துவிடும்’ என்று யோசனை சொல்வோர் கோர்ட்டு வாசலில் எப்போதும் இருப்பார்கள். அபராதம் சிறியதாக இருக்கலாம். ஆனால் அது குற்றத் தீர்ப்பு. பின்னால் சர்க்கார் உத்தியோகத்துக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது கேள்வியாக வந்து நிற்கும். பொதுக்கூட்டம், மறியல் முதலியவற்றில் பிடிபட்ட இளைஞர்கள் இதை விசேஷமாக நினைவில் வைக்க வேண்டும். கொள்கைக்காக ஒப்புக்கொண்டு தண்டனை ஏற்பது வேறு. சிரமம் தீர வேண்டுமென்று செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு.

சட்டம் இடங்கொடுக்கும் சிறு குற்றங்களில் இரு கட்சியாரும் சமாதானமாகப் போகலாம். மக்கள் நீதிமன்றத்தில் சம்மதத்தின் பேரில் ஏற்படும் முடிவுக்கு அப்பீல் இல்லை. ஆகவே யோசித்துச் சம்மதிக்க வேண்டும்.

கோர்ட்டின் பாஷை என்ன? கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சியத்தைப் பதிவு செய்வதும் தீர்ப்பு எழுதுவதும் தமிழில் நடப்பதற்கு 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் வழி செய்தது. சாட்சி தமிழில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. எழுதியதை வாசித்துக் காட்டும்படியும் கேட்கலாம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கும், நடப்பது இன்னதென்று அவனுக்குத் தெரிந்த பாஷையில் விளக்க வேண்டும். கோர்ட்டு திறந்த மன்றம். இடமிருக்கும் வரை எந்தப் பிரஜையும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். பெண்கள், குழந்தைகள் மீதான பலாத்கார வழக்குகள் போன்றவையும், மாஜிஸ்ட்ரேட் காரணத்தோடு மூடச் சொன்னவையுமே இதற்கு விலக்கு.

வாய்தாவுக்கு வரம்பு உண்டா? சாட்சிகள் வந்திருக்கும்போது அவர்களை விசாரிக்காமல் ஒத்திவைக்கக் கூடாது என்பது பழைய விதி. ஒரு கட்சி தன் சக்திக்கு மீறிய காரணம் காட்டினாலும் இரண்டு வாய்தாவுக்கு மேல் கொடுக்கலாகாது என்று சம்ஹிதை சேர்த்திருக்கிறது. விதி நல்லதே. ஆனால் காலியாகக் கிடக்கும் மாஜிஸ்ட்ரேட் ஸ்தானங்களை நிரப்பாமல், சாட்சியை வேளைக்குக் கொண்டுவராத போலீஸைக் கண்டிக்காமல், விதியை மாத்திரம் அச்சிட்டு வைத்தால் வாய்தா குறைந்துவிடுமா?

தண்டனை விதிக்கப்பட்டால் தீர்ப்பின் நகலை உடனே இலவசமாகக் கேட்டுப் பெறலாம். 30 நாட்களுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய வேண்டும். 3 வருஷத்துக்கு மேற்படாத தண்டனையானால், ஏற்கெனவே ஜாமீனில் இருப்பவனை அப்பீல் செய்யும்வரை தண்டனை விதித்த கோர்ட்டே ஜாமீனில் விடலாம்.

நாம் செய்யக்கூடியது

மேலே சொன்ன உரிமைகளைத் திரும்பப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். நகல் கேட்டால் கிடைக்கும். ஜாமீன் கேட்டால் கிடைக்கும். வக்கீல் கேட்டால் கிடைப்பார். காயத்தைச் சொன்னால் பதிவாகும். கேளாதவனுக்குச் சட்டம் ஊமை. பணமும் படிப்பும் உள்ளவர்கள் கேட்கத் தெரிந்தவர்கள். ஏழைக்குக் கேட்கத் தெரியாது. தெரிந்தாலும் வாய் எழாது. ஒரே சட்டம் இரு ஜாதி மனிதர்களை இப்படித்தான் உண்டாக்குகிறது.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் உள்ள வாசகசாலைகளும் தொண்டர் சங்கங்களும் ஒரு சிறு காரியத்தைச் செய்யலாம். ஊருக்குரிய மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டு எது, சட்டப் பணிகள் குழு எங்கே இருக்கிறது, ஜில்லா சூப்பிரண்டின் தபால் விலாசம் என்ன என்பவற்றை எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம். ஊரில் ஒருவர் கைதானால் தேதியையும் மணியையும் குறித்துக்கொண்டு, 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் போய் நிற்க ஒருவரை நியமிக்கலாம். 60-ஆம் நாள் எப்போது வருகிறதென்று எண்ணி வைக்கலாம். சிக்கலான விஷயத்துக்கு வக்கீலின் யோசனை இன்றியமையாதது. நாம் எழுதியது அதற்குப் பிரதியாகாது. ஆனால் வக்கீலிடம் போகும்வரை ஒருவனைக் காப்பாற்ற இவ்வளவு அறிவு போதும்.

சம்மன் காகிதம் வந்த வீட்டில் அடுப்பு வழக்கம்போல் எரிய வேண்டும். வீட்டுக்காரன் அதைப் படித்துப் பார்த்து, தேதியைக் குறித்துக்கொண்டு, மறுநாள் உழப் போக வேண்டும். அந்த நிலை வரும்வரை நமது ஊழியத்துக்கு ஓய்வில்லை.